விழா இல்லம்

அந்த முதியோர் பராமரிப்பு இல்லத்தில் யாரும் விழுவதில்லை. வாசலிலேயே பித்தளை எழுத்தில் ‘விழா இல்லம்’ என்று பதித்து வைத்திருந்தார்கள். தெருவில் போகிறவர்கள் உள்ளே தினமும் ஏதோ கொண்டாட்டம் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். அப்படியெல்லாம் இல்லை. விழாத இல்லம் என்பதன் சுருக்கம் அது. வழுக்கியும் இடறியும் தலைசுற்றியும் விழுவதுதான் வயதானவர்களைப் பிடித்த பெரிய தொல்லை. அந்தத் தொல்லையை இந்த இல்லம் அடியோடு ஒழித்துவிட்டது. முதியோர் தர ஆணையம் வருடாவருடம் வந்து தங்கச் சான்று கொடுத்துவிட்டுப் போகிறது.

மீட்டர் அந்த வாசலுக்கு நடந்து வந்தார். அதுதான் அவர் செய்த முதல் தப்பு.

அவரை எல்லோரும் மீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மின்சார அலுவலகத்தில், வீடுவீடாகப் போய் மீட்டரைப் பார்த்து எழுதிக்கொண்டு வருகிற வேலை. படி ஏறி இறங்கியே ஓய்வு பெற்ற மனிதர். மகள் வீடு மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடம். எழுபத்தைந்து வயதுக்கு மேலும் காய்கறிப் பையோடு, மூச்சு வாங்காமல் ஏறிக்கொண்டிருந்தார். மகளுக்குப் பித்தப்பையில் கல். வயிற்றைக் கிழித்து எடுத்தால் அவளைப் பார்த்துக்கொள்ளவே ஒரு ஆள் வேண்டும். “ஒரே மாசம்பா. நான் தேறினதும் வந்து கூட்டிட்டுப் போயிடறேன்” என்றாள். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று தலையாட்டினார். மகள் சொன்னால் மீட்டருக்குச் சரிதான்.

அவர் நடந்து வருவதைப் பார்த்த காவலாளி பதறிப்போய் வீல்சேரை உருட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

“உக்காருங்கய்யா.”

“எதுக்குப்பா? கால் நல்லாத்தானே இருக்கு.”

“நல்லா இருக்கற கால்தாங்கய்யா விழு...” என்று ஆரம்பித்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தான். “உக்காருங்க. கேமரா இருக்கு.”

உள்ளே தலைமை நர்ஸ் சர்க்கரைக் குரலில் வரவேற்றாள். பேசிக்கொண்டே அவர் இடுப்பைச் சுற்றி ஒரு பட்டையான பெல்ட்டைப் போட்டு நாற்காலியின் முதுகுப்பக்கம் பூட்டினாள்.

“என்னம்மா, கட்டிப் போடறீங்க?”

“கட்டிப் போடறதா? சேச்சே. இதுக்குப் பேரு அரவணைப்பு. வீட்ல உங்க பொண்ணு எப்பவாவதுதான் அரவணைச்சிருப்பா. நாங்க நாள் முழுக்க அரவணைப்போம் தாத்தா.”

பிறகு கதவைச் சாத்திவிட்டு, கெட்ட வார்த்தை சொல்லப்போகிறவள் மாதிரி குரலைத் தாழ்த்தினாள். “இன்னொரு விஷயம். இங்க ஒரு வார்த்தையை மட்டும் சொல்லக்கூடாது. ‘வி’ல ஆரம்பிக்கும்.”

மீட்டர் யோசித்தார். “விருந்தா?”

“இல்ல.”

“விடுதலையா?”

“அதையும் சொல்லாம இருந்தா நல்லதுதான். ஆனா நான் சொல்றது வேற” என்று காதருகே குனிந்து அந்த வார்த்தையைச் சொன்னாள்.

அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிட்டால் தமிழில் வாயைத் திறப்பதே கஷ்டம் என்பது மீட்டருக்கு அந்த வாரமே புரிந்தது. எதிர்ப் படுக்கைக்காரருக்குப் பல் விழவில்லை, வாயிலிருந்து விடைபெற்றது. முகத்தில் சுருக்கம் விழவில்லை, படிந்தது. ஜன்னலுக்கு வெளியே மழைத்துளிகூட விழவில்லை, வந்து சேர்ந்தது. ஒரு தாத்தா போனில் பேரன் சொன்னதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார் என்று ஆயா ஒருத்தி சாதாரணமாகச் சொல்லித் தொலைத்தாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை விழவிட்டிருக்கிறாள் என்று அவளை வேலையைவிட்டு அனுப்பினார்கள். தாத்தாவிடமிருந்து போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் வாத்தியார். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். இப்போது இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார்.

“எப்படி சார் முறிஞ்சது?” என்று மீட்டர் கேட்டார்.

“பாத்ரூம்ல வழுக்கி... ஒரு நிகழ்ச்சி நடந்தது. எலும்பு தானா முறிஞ்சதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அப்போ நான் தரையில கிடந்தேனே, அது எப்படின்னு கேட்டேன். எலும்பு முறிஞ்ச வருத்தத்துல நான் தரைக்கு இடம் மாறிட்டேனாம்.”

“நீங்க எடுத்துச் சொல்லலையா?”

“சொன்னேன். வயசானவங்களுக்குத் தாங்க என்ன செய்யறோம்னு தெரியாதாம், அதனால என் வார்த்தை செல்லாதாம். ஆனா எலும்பு தானா முறிஞ்சதுன்னு என்னையே ஒத்துக்கச் சொல்லிக் கைரேகை வாங்கினாங்க. அது மட்டும் செல்லுது.” வாத்தியார் பொக்கை வாயைத் திறந்து காட்டினார். “வாசல்ல விழா இல்லம்னு போட்டிருக்கானே, அது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இலக்கணம் சரிதான். பல்செட்டு கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன், தரல. என் விஷயத்துல ஈறு கெட்டது மட்டும் நிஜம்.”

முதல் நாள் சாயங்காலமே மீட்டர் பாத்ரூம் போக வேண்டும் என்று மணியடித்தார். நர்ஸ் டயப்பரோடு வந்தாள்.

“எனக்கு அது வேணாம்மா. எனக்கு அடக்க வரும்.”

“அதான் தாத்தா பிரச்சனையே. அடக்க வரும்னா அடக்கி வெச்சு, அப்புறம் அவசரமா எழுந்து ஓடுவீங்க. அடக்க வராதவங்க பாருங்க, எவ்வளவு நிம்மதியாப் படுத்திருக்காங்க. யாராவது எழுந்திருக்கறாங்களா?”

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மீட்டர் இரண்டு நாள் அடக்கிப் பார்த்தார். மூன்றாம் நாள் ஒரு வளர்ந்த மனிதன் அழக்கூடாத விதத்தில் அழுதுகொண்டே டயப்பரை நனைத்தார். ‘ஒத்துழைக்கிறார்’ என்று நர்ஸ் அவர் பேருக்கு நேரே நட்சத்திரம் ஒட்டினாள்.

டயப்பர் சீக்கிரம் நனைகிறது என்று தண்ணீரைக் குறைத்தார்கள். தண்ணீர் குறைந்ததும் மலம் இறுகியது. அதற்கு மருந்து கொடுத்ததில் பேதியானது, பேதியை நிறுத்த வேறு மருந்து. சிறுநீர் எரிந்து காய்ச்சல் வந்து, காய்ச்சலில் மீட்டர் செத்துப்போன மனைவியைக் கூப்பிட்டுக் குடையை எடுத்து வைக்கச் சொன்னார். இத்தனைக்கும் மூலகாரணம் ஒரு டம்ளர் தண்ணீர் என்பது யாருக்கும் தோன்றவில்லை. டாக்டர் வாசற்படியில் நின்றபடி பார்த்துவிட்டு, “ஞாபகம் தடுமாறுது. வயசு” என்றார். எழுந்திருக்கவே தோன்றாமலிருக்க ஒரு மாத்திரை கொடுத்தார். நல்ல மாத்திரை. அதைப் போட்டால் தோன்றுவது ஒவ்வொன்றாக நிற்கும். கடைசியில் பசிகூடத் தோன்றாது.

முதுகின் அடியிலும் குதிகாலிலும் தோல் சிவந்து, உரிந்து, குழியானது. வலிக்கிறது என்று மீட்டர் காட்டினார்.

“படுக்கைப் புண்தான்” என்றாள் தலைமை நர்ஸ், ரொம்ப சகஜமாக. “அதுக்கு இப்ப ஒண்ணும் இல்ல தாத்தா. புண் இல்லாத இல்லம்னு சான்று வாங்கறது வேற பிரிவு. அடுத்த வருஷம்தான் அதுக்கு மனு போடறோம். அதுவரைக்கும் புண் இருக்கலாம்.”

நடைப் பயிற்சி என்று ஒன்றும் இருந்தது, ஆணையத்தின் விதிப்படி இருந்தே ஆக வேண்டும். பயிற்சியாளர் மிடுக்கான இளைஞர். படுக்கைகளுக்கு நடுவில் அவர் கையை வீசி நடப்பார். படுத்திருப்பவர்கள் கண்ணால் அவரைப் பின்தொடர வேண்டும். “பார்வையால நடங்க. எல்லா நடையும் மூளையிலதான் ஆரம்பிக்குது. கால் ஒரு பழக்கம், அவ்வளவுதான்” என்பார். நன்கொடையாக வந்த வாக்கர்கள் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக நின்றன. அவை மட்டும்தான் அந்த இல்லத்தில் சொந்தக் காலில் நின்றவை.

ஒரு மாதம் முடிந்தது. மகளுக்குத் தையல் இன்னும் ஆறவில்லை என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். அதற்கடுத்த மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்றார். அதற்கும் அடுத்த மாதம் மீட்டர் நிர்வாகியைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். நாற்காலியோடு உருட்டிக்கொண்டு போனார்கள்.

“வீட்டுக்குத் தாராளமாப் போகலாமே” என்றார் நிர்வாகி. வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாத மனிதர். “வீடு எந்த மாடி?”

“மூணாவது.”

“லிஃப்ட்?”

“கிடையாது.”

“அப்போ நீங்க மூணு மாடி ஏறுவீங்கன்னு நிரூபிக்கணும். விதி.”

“ஏறிக் காட்டறேன் சார். இங்கயே படி இருக்கே.”

“படி ஏற இங்க யாருக்கும் அனுமதி கிடையாது. அதுவும் விதி.”

மீட்டர் ஒன்றும் புரியாமல் அவரையே பார்த்தார். “அப்ப எப்படி சார் நிரூபிக்கறது?”

“அதைத்தான் நாங்களும் யோசிச்சிட்டிருக்கோம்” என்றார் நிர்வாகி, உண்மையான அக்கறையோடு.

“சார், உங்க கால்ல வேணும்னாலும் விழறேன், என்னை அனுப்பிடுங்க.”

நிர்வாகி முகம் வெளுத்துப்போய் இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டார். “இவரைக் கூட்டிட்டுப் போங்க. உடனே. மாத்திரையைக் கூட்டுங்க.”

அன்று வாத்தியார்தான் வழி சொன்னார். “ஒரு ஓட்டை இருக்கு மீட்டர். விழறவன் இந்த இல்லத்துக்குத் தகுதியில்லாதவன். அவனை இவங்க வெச்சிருக்கவே முடியாது, அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடணும். அதுவும் முந்தின நாளே போயிட்டான்னு பதிஞ்சுதான் அனுப்புவாங்க. அதனாலதான் இங்க யாரும் விழறதில்ல. விழுந்தவன் விழும்போது இங்க இல்லவே இல்ல, பாருங்க.”

மீட்டருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. மூன்று மாடி ஏறிக் காட்ட வேண்டியதில்லை, ஒருமுறை விழுந்தால் போதும். வீட்டுக்குப் போனால் படியில் உட்கார்ந்து உட்கார்ந்தே மேலே போய்விடலாம்.

அன்றைக்கே அவர் படுக்கைக் கம்பிக்குக் கீழே இருந்த சந்தில் உடம்பை நுழைத்துத் தரையில் சரிந்தார். சில்லென்ற தரையில் மல்லாந்து கிடந்து காத்திருந்தார். நர்ஸ் வந்தாள், பார்த்தாள், ஒரு தலையணையைக் கொண்டுவந்து அவர் தலைக்குக் கீழே வைத்தாள்.

“கீழ படுக்கப் பிடிச்சிருக்கா தாத்தா? காத்தோட்டமா இருக்கும்” என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.

“நான் விழுந்துட்டேம்மா” என்றார் மீட்டர் இருட்டைப் பார்த்து.

“அதை நீங்க சொல்லி என்ன புண்ணியம்?” என்றது வாத்தியாரின் குரல். “பாதியிலயே போனா எப்படி? முழுசாக் கேக்கணும். சொந்தக்காரங்க யாராவது கண்ணால பார்த்து, வாயால விழுந்தார்னு சொல்லணும். அப்பதான் அது விழுந்தது.”

சொந்தக்காரர்கள் உள்ளே வர அனுமதி வருடத்தில் ஒரே ஒரு நாள்தான், சான்று வழங்கும் நாள். அந்த நிகழ்ச்சிக்கு ‘விழாமை விழா’ என்று பெயர். விழா என்ற சொல்லை வைக்கலாமா கூடாதா என்று ஒரு குழு போட்டு ஆலோசித்து, அது கொண்டாட்டத்தையும் குறிக்கும், விழாது என்பதையும் குறிக்கும், ஆகவே இருமடங்கு பாதுகாப்பானது என்று முடிவு செய்திருந்தார்கள். அழைப்பு மகளுக்கும் போயிருந்தது. மீட்டர் அந்த நாளுக்காக மாத்திரையை நாக்குக்கடியில் ஒளித்துத் துப்பினார். கம்பளிக்குள்ளே காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். கால் என்று அங்கே இருந்தது தோல் போர்த்திய இரண்டு குச்சி.

விழாமை விழா கூடத்தில் நடந்தது. முதியவர்களைக் குளிப்பாட்டி, நாற்காலியில் அரவணைத்து, மேடைக்கு எதிரே வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மகள் மாப்பிள்ளையோடு வந்திருந்தாள். ரொம்ப இளைத்திருந்தாள். அவளும் அவரைப் பார்த்து ஒரு நிமிடம் அடையாளம் தெரியாமல் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

“எப்படிப்பா இருக்கீங்க?”

“நல்லாருக்கேம்மா. தையல் ஆறிடுச்சா?”

“குனிஞ்சா இழுக்குது. வெயிட்டெல்லாம் தூக்கக்கூடாதுங்கறாங்க.” அவள் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். “உங்க ரூம்ல பேத்தியோட மேசையைப் போட்டிருக்கோம்பா. பரீட்சை வருதுல்ல. நீங்க வந்தா எடுத்துடலாம்.”

“ஹால்ல ஓரமாப் படுத்துக்கறேம்மா. எனக்கு எதுக்கு ரூம்?”

மகள் மேடைப் பக்கம் திரும்பினாள். மேடையில் நிர்வாகி பேச ஆரம்பித்தார்.

“பெரியோர்களே. ஒரு முதியவர் ஏன் தரையை நாடுகிறார்? நிற்பதால். ஏன் நிற்கிறார்? எழுந்திருப்பதால். ஏன் எழுந்திருக்கிறார்? எங்காவது போக வேண்டும் என்ற ஆசையால். மற்ற இல்லங்கள் தரையைச் சரிசெய்கின்றன, கைப்பிடி வைக்கின்றன, நல்ல செருப்பு வாங்கிக் கொடுக்கின்றன. எல்லாம் வீண்செலவு. நாங்கள் ஆசையைச் சரிசெய்தோம்.” கைதட்டல். “சென்ற ஆண்டு இந்தக் கூடத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் இன்று நம்மோடு இல்லை. ஆனால் அவர்களில் ஒருவராவது தரையை நாடிப் போனார் என்று யாராலும் சொல்ல முடியுமா? அத்தனை பேரும் படுத்தபடியே, பத்திரமாகப் போனார்கள்.”

இதற்கு இன்னும் பலமான கைதட்டல். ஒரு மருமகன் எழுந்து நின்றே தட்டினார்.

அடுத்து ஆணையத்தின் தலைவர். “இந்தத் துறைக்கு வரக் காரணமே என் அம்மாதான்” என்று தழுதழுத்தார். “அவங்களும் இப்படி ஒரு இல்லத்துலதான் இருக்காங்க. ஊர் ஊராப் போய் இல்லங்களைப் பார்வையிடற வேலையில அவங்களைப் போய்ப் பார்க்க எனக்கு நேரமே கிடைக்கல. ஆனா ஒவ்வொரு வருஷமும் அறிக்கையைப் படிக்கறேன். எங்கம்மா இதுவரைக்கும் விழல. ஒரு மகனுக்கு வேற என்ன வேணும்?”

கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்து முதியவர்களோடு புகைப்படம் எடுத்துக்கொள்ள நின்றார். படத்தில் பெல்ட் தெரியக்கூடாது என்று தலைமை நர்ஸ் விறுவிறுவென்று பூட்டுகளைக் கழற்றிக்கொண்டே போனாள். மீட்டரின் இடுப்பிலிருந்தும் அரவணைப்பு நீங்கியது.

இதுதான் நேரம். நாற்காலியிலிருந்து அப்படியே முன்னால் சரிந்தாலே போதும். ஆனால் மீட்டர் சரிவதற்காகக் கைகளை ஊன்றியபோது உடம்பு பழைய பழக்கத்தில் எழுந்துவிட்டது. நின்றார். மாதக் கணக்கில் கூரையையே பார்த்துக் கிடந்தவருக்கு மனிதர்களின் முகங்கள் தன் கண்ணுக்கு நேராக வந்ததும் என்ன செய்ய வந்தோம் என்பதே மறந்துபோனது. விழ வேண்டாம், நடந்தே போய்விடலாம் என்று தோன்றியது. மகள் எதிரில்தான் நின்றாள். அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒரு அடி வைத்தார். இன்னொரு அடியும் வைத்தார். ஆயுசிலேயே அத்தனை சந்தோஷம் அவர் பட்டதில்லை. மூன்றாவது அடிக்குக் கால் வரவில்லை.

ஈர விறகை முறித்தது போல ஒரு சத்தம் கேட்டது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள்.

யாரும் அசையவில்லை. மீட்டர் பக்கவாட்டில் கிடந்தார். இடது கால் ஒரு கால் கிடக்கக்கூடாத கோணத்தில் வெளிப்புறமாகத் திரும்பியிருந்தது. ஆணையத் தலைவர் உத்தரத்தின் அழகை ரசிக்க ஆரம்பித்தார். நிர்வாகி மேடையிலிருந்து இறங்கி வந்து, மீட்டரைத் தாண்டி, மகளிடம் போய்க் கைகூப்பினார்.

“அம்மா, நீங்கதான் சொல்லணும். நாங்க யாரும் எதுவும் பார்க்கல. உங்க அப்பா விழுந்தார்னு நீங்க சொன்னா அது விழுந்ததுதான், இப்பவே வண்டி வெச்சு உங்க வீட்டு வாசல்ல இறக்கிடறோம். மாடிக்கு நீங்க ஏத்திக்கணும். அப்புறம் புண்ணுக்குக் கட்டு, டயப்பர், புரட்டிப் புரட்டிப் படுக்க வைக்கறது, எல்லாம் நீங்கதான். இல்ல, அவர் சும்மா உக்காந்தார்னு சொன்னீங்கன்னா, இங்கயே விழுந்து விழுந்து...” நிர்வாகி இருமினார். “இங்கயே கண்ணும் கருத்துமாப் பார்த்துக்குவோம்.”

“சொல்லும்மா” என்றார் மீட்டர் தரையிலிருந்து. வலியில் வார்த்தை உடைந்து உடைந்து வந்தது. “விழுந்துட்டேன்னு சொல்லு. ஒரு வார்த்தை. வீட்டுக்குப் போயிடலாம்.”

மகள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் கண் நிறைந்து வழிந்தது. அழுதாள் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும், அவள் நல்ல மகள். மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளை செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கப்பா வீட்லயும் இப்படித்தான் சார்” என்றாள் கடைசியில். “எத்தனை நாற்காலி இருந்தாலும் தரையிலதான் உக்காருவார்.”

கூடமே மூச்சுவிட்டது. ஆணையத் தலைவர் உத்தரத்திலிருந்து கண்ணை இறக்கி முதலில் தட்டினார், பிறகு எல்லோரும் தட்டினார்கள். நாற்காலி வரிசையில் இருந்த வாத்தியார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். விழாதவரைத் தூக்கினால் விழுந்ததாக ஆகிவிடும் என்பதால், மீட்டர் தானாக எழுந்துகொள்ளும்வரை அவரை யாரும் தொடக்கூடாது என்று நிர்வாகி உத்தரவிட்டார். தேநீருக்கு எல்லோரையும் பக்கத்து அறைக்கு அழைத்தார்கள்.

மகள் மட்டும் போகவில்லை. தையல் இழுத்தாலும் பொருட்படுத்தாமல் குனிந்து, மண்டியிட்டு, தன் கைப்பையை அவர் தலைக்கு அடியில் வைத்து, நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள்.

“வசதியா உக்காந்திருக்கீங்களாப்பா?” என்று கேட்டாள்.

தரையில் கிடந்த மீட்டர் அவள் முகத்தையே பார்த்தார்.

“வசதியா உக்காந்திருக்கேம்மா” என்றார். “நீ டீ சாப்பிட்டியா?”